கூட்டத்துக்கு யார் லேட்? ஜப்பான், ஜெர்மனி, பிரேசில், நம்மூர்: நிமிடக் கணக்கோடு பேசலாம்

ஒரகடம்_ஜெனரல்ஷிப்ட்:
வாகன உதிரிபாகத் துறை. வாரம் ஒரு காணொளிக் கூட்டம், செவ்வாய்க்கிழமை. நாலு ஊர்: ஒரகடம் மாலை 5.30, ஸ்டுட்கார்ட் பகல் 1.00, நகோயா இரவு 9.00, சாவ் பாவ்லோ காலை 9.00. நகோயா ஆட்கள் 8.55க்கே வந்து மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஸ்டுட்கார்ட் டாண்ணு 1.00. பிரேசில் 9.10, 9.15. ஒரகடத்தில் 5.40க்கு முன்னால் எல்லாரும் சேர்வதில்லை. "இந்தியர்கள் எப்போதும் லேட்" என்ற பேச்சு கிளம்பிவிட்டது. செவ்வாய் ராகு காலம் 3லிருந்து 4.30, அந்தச் சாக்கும் சொல்ல முடியாது.

எந்த நாட்டில் எத்தனை நிமிடம் வரை தாமதமாகவே கணக்கில் வராது, எதற்கு மேல் போனால் மரியாதைக் குறைவு? "அது அவங்க கலாச்சாரம் பாஸ்" என்று முடித்துவிடாமல், விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பெரம்பூர்_யார்டு:
ரயிலிலிருந்து தொடங்குவோம். "லேட்" என்றால் என்ன என்று ஒரு நாடு எழுத்தில் வைத்திருக்கிற இடம் அதுதான்.

சுவிஸ் ரயில்வேயில் 3 நிமிடத்துக்குள் வந்தால் சரியான நேரம். 2024ல் அந்த அளவுகோலில் 93.2% தேறியது. ஜெர்மன் ரயில்வேயில் 5 நிமிடம் 59 நொடி வரை சரியான நேரம்தான். இவ்வளவு தாராளமாக அளந்தும் 2024ல் நெடுந்தூர வண்டிகளில் 62.5% மட்டுமே தேறின. ரத்தான வண்டிகள் அந்தக் கணக்கிலேயே வராது என்பதையும் சேர்த்துப் படியுங்கள். ஜெர்மனி என்றாலே நேரம் தவறாமை என்று நினைப்பவர்கள் ஃபிராங்க்பர்ட் நிலைய அறிவிப்புப் பலகையை ஒருமுறை பார்த்தால் போதும்.

ஜப்பானில் வண்டி 5 நிமிடம் தாமதித்தாலே நிலையத்தில் தாமதச் சான்றிதழ் தருவார்கள். இப்போது வலைத்தளத்திலேயே இறக்கிக்கொள்ளலாம். அலுவலகத்திலோ பள்ளியிலோ அதைக் கொடுத்துவிட்டால் தாமதம் உங்கள் தலையில் விழாது.

பணம் எப்போது திரும்பக் கிடைக்கும் என்று பார்த்தால் பொறுமையின் எல்லை தெரியும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 60 நிமிடத் தாமதத்துக்குக் கட்டணத்தில் 25%, 120 நிமிடத்துக்கு 50%. ஜப்பானில் விரைவு வண்டி 2 மணி நேரம் தாமதித்தால் விரைவுக் கட்டணம் முழுதும் திரும்ப வரும். நம்மூரில் ஏறும் நிலையத்துக்கு 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வந்து, நீங்கள் பயணமே செய்யாமல், அந்த வண்டி கிளம்புவதற்குள் டிடிஆர் (பணத்தைத் திரும்பக் கேட்கும் விண்ணப்பம்) போட்டால்தான் முழுப் பணம். ஏறிப் போய் ஐந்து மணி நேரம் தாமதமாக இறங்கினால் சாதாரண மெயில், எக்ஸ்பிரஸில் ஒன்றும் கிடையாது.

நம் கால அட்டவணையில் இன்னொரு வித்தை. கடைசி நிலையத்துக்கு முன்னால் சேமிப்பு நிமிடங்களை வைத்திருப்பார்கள். பெரம்பூரிலிருந்து சென்ட்ரல் சுமார் 6 கி.மீ.தான். ஆனால் சென்ட்ரலுக்கு வரும் வண்டிக்கு அட்டவணையில் ஒதுக்கிய நேரத்தையும், சென்ட்ரலிலிருந்து போகும் வண்டிக்கு ஒதுக்கியதையும் ஒப்பிட்டுப் பாருங்கள், சிரிப்பு வரும். அரக்கோணத்தில் இருபது நிமிடம் லேட்டான வண்டி சென்ட்ரலில் "ரைட் டைம்".

கடுங்காபி:
இவ்வளவு எதுக்கு? நம்மாளுக்குச் சோம்பேறித்தனம். அவ்வளவுதான். ஜப்பான்காரன் ரத்தத்திலேயே இருக்கு.

ஒசாகா_ஓரம்:
> ஜப்பான்காரன் ரத்தத்திலேயே இருக்கு

நண்பரே, இல்லை. 1872 வரை ஜப்பானில் பகலை ஆறாகவும் இரவை ஆறாகவும் பிரித்தார்கள். கோடையில் பகல் "மணி" நீளும், குளிரில் சுருங்கும். நாள் முழுதும் ஒரே அளவுள்ள 24 மணி முறை 1873 ஜனவரி 1 அன்றுதான் அரசாணையாக வந்தது. அதற்குச் சற்று முன், 1857 முதல் 1859 வரை நாகசாகியில் கடற்படைப் பயிற்சி கொடுத்த டச்சு அதிகாரி கட்டென்டைக்கே, இந்த ஊர்க்காரர்களின் நிதானத்தைத் தாங்க முடியவில்லை என்று எழுதிவைத்திருக்கிறார். அலை ஏற்றத்துக்குள் வரவேண்டிய சாமான் வராது, வேலைக்காரர் ஒருமுறை தலைகாட்டிவிட்டுப் போனால் திரும்ப வரமாட்டார், இப்படிப் போகிறது அவருடைய புலம்பல். ரயில், தொழிற்சாலைச் சங்கு, பள்ளி மணி, ராணுவம் என்று இரண்டு மூன்று தலைமுறை பழக்கியதுதான் இன்று நாம் பார்ப்பது. நேரத்தை நினைவூட்டவே ஜூன் 10 என்று ஒரு நாளை 1920லிருந்து கொண்டாடுகிறார்கள். ரத்தத்தில் இருந்தால் நினைவூட்டுவானேன்?

ஒரகடத்தாருக்கு: 8.55 வருகை தற்செயல் இல்லை. "ஐந்து நிமிடம் முன்" என்பது அங்கே பள்ளியிலேயே பழக்கும் விதி. 9.00க்கு நுழைபவர் சரியாக வந்தவர் இல்லை, மயிரிழையில் தப்பியவர். தாமதமாகும் என்று தெரிந்த உடனே, அதாவது 8.50க்கே, "7 நிமிடம் தாமதமாகும்" என்று எண்ணோடு செய்தி அனுப்பிவிட வேண்டும். "கொஞ்சம் லேட்" என்று அனுப்புவதும் அனுப்பாததும் அவர்களுக்கு ஒன்றுதான். ஆனால் கூட்டம் முடிகிற நேரத்தில் இந்தக் கறார் இருக்காது. தொடக்கத்தில் நொடிக் கணக்கு, முடிவில் இழுவை. இரவு 9க்கு நகோயாவை உட்காரவைத்துவிட்டு 10க்கு மேல் நீட்டினாலும் வாய் திறக்கமாட்டார்கள். அது சம்மதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 2017 நவம்பரில் சுகுபா எக்ஸ்பிரஸ் வண்டி ஒன்று 9.44.40க்குப் பதில் 9.44.20க்குக் கிளம்பிவிட்டது, அந்த 20 நொடிக்கு நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது. உலகமே பாராட்டியது. 2005 ஏப்ரல் 25 அமகசாகி ரயில் விபத்தை யாரும் பகிர்வதில்லை. ஓட்டுநர் இதாமி நிலையத்தில் நடைமேடையைத் தாண்டி 72 மீட்டர் போய் நிறுத்தி, பின்னால் வந்து ஆள் ஏற்றியதில் சுமார் ஒன்றரை நிமிடம் தாமதம். அட்டவணையில் ஈடுகட்ட இடமில்லை. 70 கி.மீ. வேகத்தில் திரும்பவேண்டிய வளைவில் 116ல் நுழைந்தது. ஓட்டுநரையும் சேர்த்து 107 பேர் பலி. தாமதித்த ஓட்டுநர்களை நாள்கணக்கில் உட்காரவைத்து அவமானப்படுத்தும் "மறுபயிற்சி" ஒன்று அந்த நிறுவனத்தில் இருந்தது. நடத்துநர் 72 மீட்டரை 8 மீட்டர் என்று கட்டுப்பாட்டு அறைக்குக் குறைத்துச் சொன்னதும் அந்தப் பயத்தில்தான். பிறகு அட்டவணையைத் தளர்த்தினார்கள். ஈடுகட்ட நிமிடமே கொடுக்காமல் நேரம் தவறாதே என்றால், ஆட்கள் ஒன்று பொய் சொல்வார்கள், இல்லை வேகம் கூட்டுவார்கள்.

கடுங்காபி:
சரி, ரத்தத்தை வாபஸ் வாங்கிக்கிறேன். சோம்பேறித்தனம் நிற்கட்டும்.

நெக்கர்_கரை:
ஜெர்மனி பற்றி. வேலைக் கூட்டம் என்றால் சகிப்பு 0 முதல் 2 நிமிடம். 5 ஆகும் என்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மருத்துவரிடம் முன்பதிவு செய்துவிட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் பிந்தினால் பல இடங்களில் அந்த நேரம் அடுத்தவருக்குப் போய்விடும். சொல்லாமல் வராமலே இருந்தால் சில மருத்துவர்கள் கட்டணம் கேட்பார்கள். வீட்டு விருந்துக்கு 7 என்றால் 7.00 முதல் 7.10. 6.50க்கு மணி அடிப்பது 7.15க்குப் போவதைவிட மோசம், அதனால்தான் தெருமுனையில் பூங்கொத்தோடு நின்று கடிகாரம் பார்ப்பவர்களைப் பார்க்கலாம்.

பல்கலைக்கழகம் மட்டும் தனி உலகம். வகுப்பு "10 மணி" என்று போட்டு சி.டி. என்ற இரண்டெழுத்து இருந்தால் 10.15க்குத்தான் ஆரம்பம். எஸ்.டி. என்று இருந்தால் 10.00. அதாவது இந்த நாட்டிலும் கால் மணி தாமதம் உண்டு, எல்லாருக்கும் ஒரே அளவு, எழுத்தில். அதுதான் வித்தியாசம் என்பேன்.

சாந்தோஸ்_துறைமுகம்:
பிரேசிலுக்கு ஒரு பழைய ஆய்வு கைகொடுக்கும். ராபர்ட் லெவின் என்ற சமூக உளவியலாளர் பிரேசிலின் நிதெரோய் மாணவர்களையும் கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ மாணவர்களையும் கேட்டார்: நண்பரோடு மதிய உணவுக்கு ஒப்புக்கொண்டால் எப்போது "லேட்"? ஃபிரெஸ்னோவில் சராசரி 19 நிமிடம், நிதெரோயில் 33½. எல்லாரும் இதை மட்டும் மேற்கோள் காட்டுவார்கள். அடுத்த கேள்விதான் சுவை: எவ்வளவு முன்னால் வந்தால் "சீக்கிரம்"? ஃபிரெஸ்னோவில் 24 நிமிடம், நிதெரோயில் 54. இரண்டு பக்கமும் வலை அகலம். கால் மணி முன்னால் வருபவரும் கால் மணி பின்னால் வருபவரும் அங்கே ஒரே ஆள்தான். எப்போதும் தாமதமாக வருபவரை வெற்றிகரமான மனிதர் என்று நினைக்கும் போக்கும் பிரேசில் பதில்களில் கூடுதலாக இருந்தது.

இது சமூக வாழ்க்கைக்கான கணக்கு. சாவ் பாவ்லோவின் அலுவலக உலகம் இதைவிடக் கறார். உங்கள் 9.10, 9.15க்கு வேறு காரணமும் இருக்கலாம். காலை 9 என்பது அங்கே பலருக்கு அலுவலகத்துக்குள் கால் வைக்கும் நேரம். நெரிசலைத் தாண்டி வந்து, காபி எடுத்து, இரண்டு பேரிடம் நலம் விசாரிக்காமல் நேரே கணினி முன் உட்கார்ந்தால் அதுதான் அங்கே மரியாதைக் குறைவு. 9.30க்கு வைத்துப் பாருங்கள்.

வீட்டு விருந்து என்றால் 8க்கு அழைத்தால் 8.30க்குப் போங்கள். 8.00க்குப் போனால் வீட்டுக்காரர் ஈரத் தலையோடு கதவைத் திறப்பார்.

மயிலை_பஞ்சாங்கம்:
கடுங்காபி தம்பிக்கு: "நம்மாளு" எதில் லேட், எதில் லேட் இல்லை என்று பிரித்துப் பார்த்ததுண்டா?

கல்யாணப் பத்திரிகையை எடுங்கள். "காலை 7.30 மணிக்கு மேல் 9.00 மணிக்குள்." ஒன்றரை மணி நேரம். ஒரு நாள் 60 நாழிகை, நாழிகைக்கு 24 நிமிடம், ஒன்றரை மணி என்பது 3¾ நாழிகை. ராகு காலத்துக்கும் அதே 3¾ நாழிகைதான். 9.05க்குத் தாலி ஏறினால் எந்தச் சம்பந்தியும் சும்மா இருக்கமாட்டார். 8.50 ஆனால் மண்டபத்தில் பெரியவர்கள் எல்லாரும் மணிக்கட்டைப் பார்ப்பார்கள், புகைப்படக்காரரை ஓரம் தள்ளுவார்கள், சாஸ்திரிகள் விரலைத் தூக்கியதும் தவில்காரர் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திக் கெட்டிமேளம் வாசிப்பார். அந்த ஒரு கணத்துக்கு ஐந்நூறு பேர் ஒத்திசைவது சுவிஸ் ரயில்வேக்கே பாடம்.

முந்தின நாள் மாலை வரவேற்பு? "6.30 மணி முதல்." மணமக்கள் மேடையேற 7.30 ஆகும். யாரும் குறை சொல்லமாட்டார்கள். விருந்தினர் 7.15க்கும் 8.30க்கும் நடுவில் வந்து, வரிசையில் நின்று, கவரைக் கொடுத்து, பந்திக்குப் போவார்கள். "முதல்" என்ற சொல் இருக்கிற இடத்தில் நேரம் கதவு மாதிரி, "க்குள்" இருக்கிற இடத்தில் சுவர் மாதிரி. வெளிநாட்டுக்காரர் இரண்டையும் ஒன்று என்று நினைத்து 6.30க்கு வந்து காலி நாற்காலிகளைப் பார்த்துவிட்டு "இந்தியர்கள் லேட்" என்று எழுதுகிறார்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் ஆலைக்குச் சரக்கு கொண்டுபோகும் லாரி ஓட்டுநரைக் கேளுங்கள். ஆலை கொடுத்த நேரத்தைத் தவறவிட்டால் கேட்டிலேயே நிற்கவேண்டும், உற்பத்தி லைன் நின்றால் சப்ளையர் தலையில் டெபிட் நோட்டு, அதாவது நஷ்டத்தை அவர் பணத்தில் பிடிப்பார்கள். அவரும் நம்மாளுதான். ஒழுங்காகத்தான் போய்ச் சேருகிறார்.

தேரா_துபாய்:
எல்லாரும் நாடு நாடாகப் பிரிக்கிறீர்கள். ஒரே நாட்டுக்குள் யார் யாருக்காகக் காத்திருக்கிறார் என்று பாருங்கள். வளைகுடாவில் தொழிலாளர் முகாமிலிருந்து பஸ் விடியற்காலையில் கிளம்பும், இரண்டு நிமிடம் நிற்காது, விட்டால் அன்றைய கூலி போச்சு. அதே கம்பெனியின் முதலாளியைப் பார்க்க 11க்கு நேரம் வாங்கினால் 12 வரை காவாவும் (அரபுக் காபி) பேரீச்சையும் சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். உள்ளே போனபிறகும் நடுவில் மூன்று பேர் வந்து போவார்கள். அங்கே அது அவமதிப்பு இல்லை, கதவு திறந்திருப்பதுதான் மரியாதை. "அவசரமா இருக்கீங்களா?" என்று கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

நடைமுறைக்கு: தொழுகை நேரம் சூரியனோடு நகரும், வாரத்துக்கு வாரம் நிமிடங்கள் மாறும். "மக்ரிபுக்குப் பிறகு" (அந்தித் தொழுகைக்குப் பிறகு) என்றால் அன்றைய நேரத்தைப் பார்த்து அதோடு 20, 30 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். ரமலானில் அமீரகத்தில் தனியார் வேலைநேரமே தினம் 2 மணி குறையும். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை வெயிலில் வெளிவேலைக்குப் பகல் 12.30 முதல் 3.00 வரை தடை, அந்த நேரத்தில் சைட்டில் ஆள் வரவில்லை என்று புகார் சொல்லக்கூடாது.

நம்மூரிலும் இதே கதை. நூறு நாள் வேலைக்குப் போகும் அம்மாவுக்கு 2023 ஜனவரியில் செயலியில் நாளுக்கு இரண்டு முறை இடக்குறியோடு புகைப்படம் கட்டாயமானது. தவறினால் கூலி சிக்கல். விழாவுக்கு இரண்டு மணி நேரம் கழித்து வரும் சிறப்பு விருந்தினருக்கு எந்தச் செயலியும் இல்லை. நேரம் தவறாமையைக் கீழே இருப்பவரிடம்தான் எல்லாரும் கேட்கிறார்கள்.

பேர்ண்_அக்கா:
தேரா தம்பி சொன்னது நூறு வீதம் சரி. சுவிஸில ஏன் 3 நிமிசம் என்று ஆரும் விளக்கேல்லை, அதைச் சொல்லுறன்.

இஞ்ச ரயில்கள் முழு மணிக்கும் அரை மணிக்கும் பெரிய நிலையங்களில ஒண்டா வந்து கூடும். சூரிச்சில இருந்து பேர்ணுக்கு 2004 டிசம்பரில இருந்து 56 நிமிசம். இன்னும் வேகமா ஓடவேண்டிய தேவை இல்லை, ஒரு மணிக்குள்ள வந்தால் காணும் என்று கணக்குப் போட்டுத்தான் பாதையே போட்டவை. எல்லா ரயிலும் மணிக்குச் சற்று முன்னம் வரும், சனம் மாறி ஏறும், மணி கழிஞ்ச கையோட எல்லாம் வெளிக்கிடும். ஒரு ரயில் 5 நிமிசம் பிந்தினால் ஏழெட்டு இணைப்பு அறுந்துபோம். அதாலதான் ஜெர்மனியில இருந்து பிந்தி வாற ரயிலை எல்லையில இருக்கிற பாசலிலயே மறிச்சுப்போட்டு, தங்கட ரயிலை நேரத்துக்கு விடுறவை. இது குணமில்லை, ஏற்பாடு. நிலைய மணிக்கூட்டைப் பாருங்கோ: சிவப்பு நொடிமுள் 58.5 நொடியில சுத்தி முடிச்சு, மேல நிண்டு, நிமிசமுள் பாய்ஞ்சாப் பிறகுதான் திரும்ப ஓடும்.

இஞ்சத்தைத் தமிழ்க் கலியாணங்களில வாற சிக்கல் வேற. மண்டபம் எத்தினை மணி வரைக்கும் என்று ஒப்பந்தத்தில கிடக்கும், இரவு 10க்குப் பிறகு சத்தத்துக்குக் கட்டுப்பாடு. ஊர் வழக்கத்தில 6 என்று போட்டு 8க்குத் தொடங்கினால் சாப்பாடு வைக்கேக்க மண்டபக்காரர் லைட்டைப் போட்டுக்கொண்டு நிப்பார். அனுபவப்பட்ட குடும்பங்கள் அழைப்பிதழில "சாப்பாடு 7.30, மண்டபம் 11.00 மணிக்குப் பூட்டப்படும்" என்று அச்சடிக்கினம். முடிவு நேரம் போட்டால் சனம் நேரத்துக்கு வருது.

இன்னொண்டு, தினக்காட்டியில உள்ள ராகு காலத்தை இஞ்ச அப்பிடியே எடுக்காதேங்கோ. அது பகலை எட்டாப் பிரிச்ச பங்கு. சூரிச்சில ஜூனில பகல் 16 மணித்தியாலம் மட்டில, ஒரு பங்கு 2 மணித்தியாலம். டிசம்பரில எட்டரை, ஒரு பங்கு ஒரு மணித்தியாலமும் சொச்சமும். அந்தந்த இடத்துக் காலை, மாலைச் சூரியனைப் பார்த்துத்தான் கணிக்கவேணும்.

மொம்பாசா_மஞ்சள்:
குறுக்கே ஒரு தகவல். கென்யா, தான்சானியாவில் சுவாஹிலியில் நேரம் சொன்னால் மணி விடியலிலிருந்து தொடங்கும். அவர்களுடைய "காலை ஒரு மணி" என்பது நம் 7. எத்தியோப்பியாவிலும் அப்படியே. வாய்ப்பேச்சில் "மூன்று மணிக்கு வருகிறேன்" என்றால் காலை 9ஆ, பிற்பகல் 3ஆ என்று கேட்டுவிடுங்கள். இதில் ஆறு மணி நேரம் "லேட்டாகி" ஆப்பிரிக்கர்களைத் திட்டுகிறவர்கள் உண்டு.

ஒரகடம்_ஜெனரல்ஷிப்ட்:
எல்லாருக்கும் நன்றி. லாரி உதாரணம் சுருக்கென்று தைத்தது. ஒரு தகவல் விட்டுவிட்டேன்: இங்கே ஜெனரல் ஷிப்ட் 5.30க்கு முடியும், கம்பெனி பஸ் 5.45. கூட்டத்துக்கு இருப்பவர்களுக்குத் தனி வண்டி உண்டு, ஆனால் அதற்குப் பெயர் கொடுக்க 5.30க்கு மேல்தான் டிரான்ஸ்போர்ட் மேசைக்குப் போகமுடியும்.

பெரம்பூர்_யார்டு:
அட, இதை முதல் வரியிலேயே சொல்லியிருந்தால் பாதி இழை மிச்சம்.

கடுங்காபி:
சோம்பேறித்தனமும் வாபஸ்.

நெக்கர்_கரை:
அந்த 10 நிமிடம் எங்கே போகிறது என்று தெரிந்துவிட்டது. செய்யவேண்டியது இதுதான். வண்டிப் பெயர்ப் பட்டியலைப் பகல் 3 மணிக்கே செய்தியில் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். கூட்டத்தை மாலை 6.00க்குத் தள்ளினால் பிரேசிலுக்கு 9.30 ஆகும், ஆனால் நகோயாவுக்கு 9.30 இரவு. ஆகவே நகோயா பேசவேண்டியவற்றை முதல் 20 நிமிடத்தில் முடித்து அவர்களை அனுப்பிவிடுங்கள். அழைப்பில் இரண்டு நேரம் போடுங்கள்: "5.55 இணைப்பு திறக்கும், 6.00 முதல் தீர்மானம்". முடிவு நேரத்தையும் போடுங்கள், 6.50. முதல் தீர்மானமே ஒரகடம் சம்பந்தப்பட்டதாக இருக்கட்டும். வராதவர்களுக்காகத் திரும்பச் சொல்லாதீர்கள், குறிப்பில் படிக்கட்டும். திரும்பச் சொல்லும் கூட்டத்துக்கு யாரும் சீக்கிரம் வரமாட்டார்கள், ஜெர்மானியர் உட்பட.

அழைப்பை எந்த ஊர் நேரத்தில் உருவாக்கியிருக்கிறீர்கள்?

ஒரகடம்_ஜெனரல்ஷிப்ட்:
ஸ்டுட்கார்ட்தான் அனுப்புகிறது. அவர்கள் ஊர் நேரம்.

நெக்கர்_கரை:
அப்படியானால் மார்ச் கடைசி ஞாயிறு இங்கே கடிகாரம் ஒரு மணி முன்னால் போகும். இந்தியாவிலும் ஜப்பானிலும் அந்த வழக்கமே கிடையாது, பிரேசில் 2019ல் கைவிட்டுவிட்டது. அடுத்த செவ்வாய் கூட்டம் உங்களுக்கு ஒரு மணி முன்னதாக வந்து நிற்கும், மூன்று ஊரும் சேர்ந்து "லேட்" ஆகும். அக்டோபர் கடைசி ஞாயிறு திரும்பவும் மாறும். அழைப்பை இந்திய நேரத்தில் ஒரகடத்திலிருந்து புதிதாக அனுப்புங்கள், பழையதை ரத்து செய்யச் சொல்லுங்கள். மாறுவது ஸ்டுட்கார்ட் ஒன்றுதான், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பகல் 2.30க்குக் கூட்டம் என்றால் சாப்பிட்டுவிட்டும் வரலாம்.

மயிலை_பஞ்சாங்கம்:
பழைய 5.30 கூட்டம் ஒரு மணி முன்னால் போனால் செவ்வாய் 4.30க்கு ஆரம்பம், ராகு காலம் அப்போதுதான் முடிந்திருக்கும். நல்ல நேரம்தான், ஆனால் அதற்கும் ஐந்து நிமிடம் முன்னால் மட்டும் வந்துவிடாதீர்கள்.